வீட்டில் கட்டிய மின்விமானத்தைச் சோதித்துப் பறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு சிறு விமானம் கட்ட வேண்டும், அதில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மோட்டாரும் பேட்டரியும் வைத்துப் பறக்க வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கும் வந்துவிட்டது. பல்துறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள், சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையப் பட்டறைகளில் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்கிறார்கள், ஓய்வுபெற்று கையில் கொஞ்சம் காசும் நேரமும் உள்ள அண்ணன்மார் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எப்படிக் கட்டுவது என்பது இங்கே இல்லை. கட்டி முடித்தபின் என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

முதலில், இது நடக்கிற காரியமா?

நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஹைனோ பிரிட்ஷ்கா என்பவர் ஒரு மோட்டார் கிளைடரில் நிக்கல்-காட்மியம் பேட்டரியை ஏற்றிச் சில நிமிடங்கள் பறந்து காட்டினார். 2020 ஜூனில் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த வெலிஸ் எலக்ட்ரோவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பு வகைச்சான்று கொடுத்தது. மின்சாரத்தில் மட்டும் ஓடும் விமானங்களில் அப்படிச் சான்று பெற்றது அதுதான் முதல். நம் ஊரிலும் 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் 24 மோட்டார் வைத்த ‘ஸ்னோஸ்டார்ம்’ என்ற ஒற்றை ஆள் கருவியைச் செய்தார்கள். 70 கிலோ ஆளை 5 நிமிடம் தூக்கும் என்பது அதன் கணக்கு. 2019 அக்டோபரில் மரினா பே மேல் வோலோகாப்டர் என்ற மின்சார ஆகாய டாக்ஸி பறந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

வெலிஸின் எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 600 கிலோ, மோட்டார் 57.6 கிலோவாட், பறக்கும் நேரம் சுமார் 50 நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம் இருப்பு. ஒரு முழுத் தொழிற்சாலையின் உழைப்பில் கிடைத்த எண்கள் இவை. உங்கள் தாளில் இரண்டு மணி நேரம் என்று விடை வந்தால் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரிலேயே சோதித்துப் பறக்கலாமா?

மனிதர் ஏறிப் பறக்கும் எதுவாக இருந்தாலும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். முதல் மரப்பலகையை வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பாதி கட்டியபின் போய் நிற்பது வீண் செலவு.

அனுமதி ஒரு பக்கம், இடம் இன்னொரு பக்கம். நாடே ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதற்குள் சாங்கி, சிலேத்தார், அப்புறம் தெங்கா, செம்பவாங், பாய லேபார் விமானப்படைத் தளங்கள். சோதனைப் பறப்புக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும், தலைக்கு மேல் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வட்டமடிக்க வான்வெளி வேண்டும், ஓடுபாதைக்கு அப்பால் வெறும் வயல்வெளி இருந்தால் இன்னும் நல்லது. சிலேத்தாரின் ஓடுபாதை 1,800 மீட்டருக்கு மேல், நீளத்துக்குக் குறையில்லை. ஆனால் ஒரு முனைக்கு அப்பால் ஜோகூர் நீரிணை, மறுமுனைக்கு அப்பால் குடியிருப்புகள்.

என் யோசனை இதுதான்: கட்டுவதையும் தரைச் சோதனைகளில் பெரும்பகுதியையும் இங்கே முடியுங்கள். பறப்பதை, வீட்டில் கட்டிய விமானங்களுக்கெனச் சட்டம் உள்ள, இடமும் உள்ள நாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதியை நீங்களே கட்டியிருக்க வேண்டும், ‘51 விழுக்காடு’ என்று பேச்சு வழக்கில் சொல்வது அதைத்தான். கட்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் படமும் குறிப்பும் கேட்பார்கள். சான்று பெற்ற எஞ்சின், சுழலி (புரொப்பெல்லர்) ஜோடி என்றால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் குறித்த எல்லைக்குள் சோதித்துப் பறப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நீங்களே சேர்த்த மோட்டார் என்றால் 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பறப்பு 20 நிமிடம் என்றால் 40 மணி நேரத்துக்கு 120 பறப்பு. விடுப்பு எடுப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

சிறிய மாதிரி விமானம் செய்து இங்கேயே பறக்கவிட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு வேண்டும். 200 அடிக்கு மேல் பறக்கவிடவோ, விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவோ அனுமதி வேண்டும். ஈர்ப்பு மையம் எங்கே இருந்தால் விமானம் அடங்கிப் பறக்கிறது என்பதை மாதிரி காட்டிக்கொடுக்கும். பேட்டரிச் சூடு, மின்னழுத்தம் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. தொல்லை அங்கேதான் இருக்கிறது.

பேட்டரி எத்தனை விழுக்காடு என்று திரை காட்டுமே, பெட்ரோல் அளவைப் பார்ப்பது மாதிரிதானே?

இந்த நினைப்பை விட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தொட்டியில் கால்பங்கு பெட்ரோல் இருந்தாலும் எஞ்சின் முழு விசை கொடுக்கும். பேட்டரியில் கால்பங்கு மீதி இருக்கும்போது முழு விசை கிடைக்குமா என்பது செல்லுக்குச் செல் வேறுபடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 96 செல் தொடராக இணைத்த பேட்டரி, நிறைந்திருக்கும்போது செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 403. பேட்டரியின் உள்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவாட் கேட்டால் ஏறத்தாழ 130 ஆம்பியர் ஓடும், அழுத்தம் 20 வோல்ட் இறங்கி 383இல் நிற்கும். கவலையில்லை. இப்போது 30 விழுக்காடு மீதி இருக்கிறது, செல்லுக்கு 3.5 வோல்ட், மொத்தம் 336. அதே 50 கிலோவாட்டுக்கு இப்போது 160 ஆம்பியர் வேண்டும், அழுத்தம் 312க்கு இறங்கும். சராசரிச் செல் 3.25 வோல்ட். சரி, இதுவும் தாங்கும். ஆனால் 96இல் ஒன்று நோஞ்சான், அதன் உள்தடை மற்றவற்றைப் போல் இருமடங்கு. அது 3 வோல்ட்டுக்குப் போய்விடும். கட்டுப்பாட்டுச் சுற்று 3 வோல்ட்டில் ‘போதும்’ என்று நிறுத்தும்படி அமைத்திருந்தால், திரையில் 30 விழுக்காடு தெரிந்துகொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும்.

இது எப்போது நடக்கும்? இறங்க வந்து, ஓடுபாதை சரியாக அமையாமல், மறுபடி மேலே போக விசையை முழுதாகத் தள்ளும்போது. பறப்பின் கடைசியில், உயரமே இல்லாத நேரத்தில்.

அதனால் நான் முதலில் கேட்கும் சோதனை இதுதான்: விமானத்தைத் தரையில் கட்டிப்போட்டு, பேட்டரியை 30 விழுக்காட்டுக்கு இறக்கி, முழு விசையில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். மொத்த அழுத்தத்தை விடுங்கள், மிகத் தாழ்ந்த செல்லின் எண்ணை மட்டும் பாருங்கள். 25 விழுக்காட்டில் மறுபடி, 20இல் மறுபடி. எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதற்கு நன்றாக மேலே ஒரு கோடு போட்டு, அதை உங்கள் ‘காலி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை செய்யாதவரோடு முதல் பறப்பைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

செல் பலவீனமானால் பிஎம்எஸ் தானாகத் துண்டித்துவிடும். அது பாதுகாப்புதானே?

பேட்டரிக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு? மின்ஸ்கூட்டரில் செல் தாழ்ந்தால் வண்டி நிற்கும், நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவீர்கள். 200 அடி உயரத்தில் யார் தள்ளுவது? சந்தையில் கிடைக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டுச் சுற்றுகள், அதாவது பிஎம்எஸ், பெரும்பாலும் தரையில் ஓடும் வண்டிக்காகச் செய்தவை. செல்லைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் முதல் வேலை.

விமானத்தில் வரிசை மாற வேண்டும். சார்ஜ் ஏறும்போதும் தரையில் நிற்கும்போதும் அது தாராளமாகத் துண்டிக்கட்டும். பறக்கும்போது எச்சரிக்கட்டும், விசையைக் குறைக்கும்படி கேட்கட்டும். செல் தாழ்ந்துவிட்டது என்பதற்காக மொத்தமாகத் துண்டிக்கும் முடிவு விமானியின் கையில் இருக்கட்டும். செல் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, ஓடுபாதை வந்து சேர வேண்டும்.

இன்னொரு வழி பேட்டரியை இரண்டாகப் பிரிப்பது. வெலிஸ் எலக்ட்ரோவில் இரண்டு பேட்டரிகள் இணையாக இருக்கின்றன. ஒன்று கெட்டால் அது கழன்றுகொள்ளும், மற்றது தொடர்ந்து ஓட்டும். நல்ல ஏற்பாடு. நீங்களும் அப்படிச் செய்தால் ஒரு காரியத்தைத் தரையிலேயே பார்த்துவிடுங்கள்: முழு விசையில் ஓடும்போது ஒரு பேட்டரியைத் துண்டியுங்கள். மீதி உள்ளதன் மேல் ஒரே நொடியில் இருமடங்கு ஆம்பியர் விழும். ‘மின்னோட்டம் அதிகம்’ என்று அதுவும் சேர்ந்து துண்டித்துக்கொண்டால் இரண்டு பேட்டரி வைத்ததில் ஒரு புண்ணியமும் இல்லை. மோட்டார் கட்டுப்படுத்தி அந்த நொடியில் தானாகவே விசையைப் பாதியாக்க வேண்டும்.

தரைச் சோதனையில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

நிறைய. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

தாமிரப் பட்டைகளின் இணைப்புகள். ஒரு போல்ட் சற்றே தளர்ந்து, அங்கே ஒரு மில்லிஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 160 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 25 வாட் சூடு. சின்ன சால்டரிங் இரும்பு ஒன்றைப் பேட்டரிப் பெட்டிக்குள் போட்டு மூடியதற்குச் சமம். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குவிசை அளந்து இறுக்கி, தலையிலிருந்து பட்டை வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு உடைந்திருக்கிறதா என்று உடனே தெரியும். வெப்பக் கேமராவும் இருந்தால் இன்னும் நல்லது.

துண்டிக்கும் சுவிட்சுகள். சிம் லிம் டவரில் நல்ல நல்ல ரிலேக்கள் கிடைக்கும், ஆனால் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கு என்று எழுதியிருப்பதை இங்கே போடாதீர்கள். நம் 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடும், அப்போது தீப்பொறி தானே அணைந்துவிடும். பேட்டரி தரும் 400 வோல்ட் டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில்) அது எளிதில் அணையாது, சுவிட்சு திறந்தாலும் நடுவில் எரிந்துகொண்டே இருக்கலாம். அதே போல, கட்டுப்படுத்தியின் கெபாசிட்டர்களை ஒரு தடை வழியாக முதலில் நிரப்பிவிட்டுத்தான் முதன்மைச் சுவிட்சு மூட வேண்டும். இல்லையென்றால் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்க நினைத்தாலும் அணையாது.

மின்காப்பு. இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். உயர் அழுத்தக் கம்பிக்கும் விமானச் சட்டத்துக்கும் இடையிலான காப்புத் தடையைக் காலையிலும், மழை விட்டபின்னும் அளந்து குறித்து வையுங்கள். எண் நாளுக்கு நாள் இறங்கினால் எங்கோ நீர் இறங்குகிறது.

சுழலி. பெட்ரோல் எஞ்சின் ஓடினால் ஊருக்கே தெரியும். மின்மோட்டார் சத்தமில்லாமல் காத்திருக்கும், கைபட்டால் அந்த நொடியே முழு முறுக்குவிசையோடு சுழலும். அதனால் மின்சுற்றைக் கையால் பிடுங்கி எடுக்கும் செருகி ஒன்று வேண்டும். சுழலியின் பக்கம் போகிறவர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

வானொலியும் திசைகாட்டியும். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் ஏஎம். கட்டுப்படுத்தியின் இரைச்சல் அதில் எளிதாகப் புகும். பேச்சில்லாத நேரத்து இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு விசையைப் பூஜ்யத்திலிருந்து முழுதாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். திசைகாட்டி விசைக்கு ஏற்ப நகர்ந்தால் நேர்முனை, எதிர்முனைக் கம்பிகளை ஒட்டி ஒட்டி இழுக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, கட்டுப்படுத்தி பிழை காட்டி நின்றால் மறுபடி ஓட்ட என்ன செய்ய வேண்டும்? பல கட்டுப்படுத்திகள் விசைக் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி விழிக்கும். பதற்றத்தில் இருப்பவர் கைப்பிடியை முன்னால்தான் தள்ளுவார். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு இதைப் பழகுங்கள்.

ஓடுபாதையில் வேகமாக ஓட்டி, ரெண்டடி எழும்பி, உடனே இறங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். மெதுவாக ஓட்டி பிரேக்கையும் திருப்புவதையும் பாருங்கள். அதிவேக ஓட்டம் என்பது பறக்கவும் முடியாத, நிறுத்தவும் இடமில்லாத நிலைக்கு உங்களைக் கொண்டுபோய் விடும். எழும்புவது என்றால் முழுதாக எழும்பத் தயாராகி எழும்புங்கள்.

கட்டியவரே பறக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இதே எடை, இதே இறக்கை அளவுள்ள விமானங்களில் அண்மையில் நிறையப் பறந்த ஒருவர் நல்லது. கட்டியவருக்கு அதன்மேல் உள்ள பாசம் தவறான நேரத்தில் குறுக்கே வரும். ‘இவ்வளவு உழைத்தேனே, எப்படியாவது ஓடுபாதைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்’ என்று விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். வாடகைக்கு வந்த விமானி தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். யார் ஓட்டினாலும் முதல் பறப்பில் ஒருவர் மட்டும். பக்கத்து இருக்கையில் மச்சான், கையில் கேமரா என்ற ஆசையைத் தள்ளி வையுங்கள்.

முதல் பறப்பில் என்னதான் செய்வது?

குறைவாகச் செய்வது. 20 கிலோவாட் மணி பேட்டரி, 600 கிலோ விமானம் என்று எடுத்துக்கொள்வோம். 50 கிலோவாட்டில் 4 நிமிடம் ஏறினால் 3.3 போய்விடும். 30 விழுக்காடு, அதாவது 6, தொடக்கூடாத இருப்பு. மீதி 10.7. நேராகப் பறக்க 25 கிலோவாட் என்றால் 25 நிமிடம். இதில் முதல் நாளுக்கு 15 நிமிடம் மட்டும் திட்டமிடுங்கள்.

ஓடுபாதையை விட்டு விலகாமல், மோட்டார் நின்றாலும் மிதந்து வந்து இறங்கும் தூரத்துக்குள்ளேயே வட்டமடித்து ஏறுங்கள். போதிய உயரம் வந்ததும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், வேகத்தைக் குறைத்து, இறங்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மேலேயே ஒத்திகை பாருங்கள். அவ்வளவுதான், இறங்கிவிடுங்கள். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தாங்கும் திறனை இழப்பது), செங்குத்துத் திருப்பம், உச்ச வேகம் எல்லாம் அடுத்தடுத்த நாள்களுக்கு. ஒவ்வொரு பறப்புக்கும் ஓர் அட்டை, அதில் செய்யப்போவது மட்டும் எழுதியிருக்க வேண்டும். அட்டையில் இல்லாததை மேலே போய்ச் செய்யக்கூடாது, எவ்வளவு அருமையாகப் பறந்தாலும் சரி.

பெட்ரோல் விமானத்தில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பறக்கப் பறக்க எடை குறையும். இது குறையாது. ஏறிய எடையோடுதான் இறங்கும். சக்கரங்களையும் பிரேக்கையும் அதற்கேற்பப் பாருங்கள்.

நடுவானில் மோட்டார் நின்றுவிட்டால்?

பெட்ரோல் எஞ்சின் பல நேரம் இருமும், அதிரும், ஏதோ சொல்லிவிட்டுத்தான் நிற்கும். மின்மோட்டார் சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். 2019 ஆகஸ்ட்டில் நார்வேயில், விமான நிலையங்களை நடத்தும் அரசு நிறுவனத்தின் தலைவர் ஓட்டிய மின்விமானம் விசை இழந்து ஆரெண்டால் அருகே ஓர் ஏரியில் இறங்கியது. உடன் இருந்தவர் ஒரு துணை அமைச்சர். இருவருக்கும் காயமில்லை. அது ஆலையில் செய்த பிபிஸ்ட்ரெல் விமானம்தான்.

எழும்பியவுடன் நின்றால் திரும்பி ஓடுபாதைக்கு வரப் பார்க்காதீர்கள், மூக்கைத் தாழ்த்தி நேரே முன்னால் இறங்குங்கள். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதைப் பின்னாளில் பாதுகாப்பான உயரத்தில் அளந்து எழுதிக்கொள்ளலாம். அதுவரை நேரேதான். ஓடுபாதைக்கு அப்பால் நீர் என்றால் உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

நம் ஊர் வெயிலில் பிரச்சினை உண்டா?

உண்டு, ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. 31 டிகிரியில் கடல்மட்டக் காற்று, சராசரிக் காற்றின் 1,900 அடி உயரத்து அடர்த்திக்கு வந்துவிடும். மோட்டாருக்குக் காற்று வேண்டாம், அதன் விசை குறையாது. இறக்கைக்கும் சுழலிக்கும் வேண்டும், ஆகவே ஓட்டம் நீளும். ஐரோப்பியக் கையேட்டில் உள்ள தூரத்தை அப்படியே நம்பாதீர்கள்.

பேட்டரிக்குச் சூடு ஒரு வகையில் நல்லது, உள்தடை குறையும். ஆனால் மூடிய கொட்டகையில் 35 டிகிரியில் தொடங்கினால், ஏறி முடிப்பதற்குள் மேல் வரம்பு நெருங்கிவிடும். கட்டுப்படுத்தியும் சூடானால் தானே விசையைக் குறைக்கும்.

விடியற்காலையில் காற்று அமைதியாக இருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நம் வட்டாரத்தில் ‘சுமத்ரா’ சூறைக்காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகல் வரைதான் வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில். ஜோகூரிலோ பாத்தாமிலோ பறந்தாலும் இதே கதை. மழை ராடாரைப் பார்க்காமல் கொட்டகைக் கதவைத் திறக்க வேண்டாம்.

தீப்பிடித்தால்?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்ஸ்கூட்டர் எரிந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் 2020 ஜூலை முதல் யூஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புத் தரம் இல்லாத மின்ஸ்கூட்டர்களைப் பொதுப் பாதைகளில் விடுவதில்லை. உங்கள் பேட்டரி அவற்றைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு செல் எரிந்து அடுத்ததற்குப் பரவாதபடி இடையில் தடுப்பு, புகை வெளியே போக வழி, விமானி இருக்கும் அறைக்குப் புகை வராத சுவர், இவை மூன்றும் கட்டும்போதே இருக்க வேண்டும். பேட்டரியை வீட்டில் வைத்துக் கட்டாதீர்கள். பறக்கும்போது புகை நாற்றம் வந்தால் எங்கே, எதனால் என்று ஆராயாமல் இறங்குங்கள்.

பேட்டரியை வெளிநாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பயணப்பெட்டியில் முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட் மணிக்கு மேல் என்றாலே விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், 160க்கு மேல் கிடையாது. உங்களுடையது 20,000. அபாயகரமான சரக்காகப் பதிந்து, அதற்குரிய சோதனைச் சான்றோடு, பெரும்பாலும் கப்பலில்தான். சரக்கு முகவரிடம் முதலிலேயே பேசுங்கள். அங்கே போனபின் நம் ஊரில் உள்ளது போன்ற சாதாரண 13 ஆம்பியர் செருகியில் ஏற்றினால் 3 கிலோவாட்தான், ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

இறங்கும்போது சுழலியைச் சுழலவிட்டு மின்சாரம் திரும்பப் பிடிக்கலாமா?

கொஞ்சம் கிடைக்கும். முதல் சில பறப்புகளில் அதை அணைத்து வையுங்கள். நிறைந்த பேட்டரியோடு உடனே இறங்க நேர்ந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லாமல் புதிய தலைவலி வரும்.

முதல் பறப்பு நன்றாக முடிந்தது. அன்றே இன்னொரு முறை போகலாமா?

எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள், கைதட்டல் அடங்குவதற்குள். பேட்டரி 45 டிகிரிக்கு மேல் இருந்தால் பல செல்களுக்கு அப்போது சார்ஜே ஏற்றக்கூடாது, ஆறும்வரை விடுங்கள். அதற்குள் மூடிகளைக் கழற்றி பெயின்ட் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காப்புத் தடையை மறுபடி அளந்து காலையில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பதிவுக் கருவியிலிருந்து தரவை இறக்கி, மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் இடைவெளி பறப்பு முழுக்க எப்படிப் போனது என்று வரைந்து பாருங்கள். ஏறும்போது விரிந்து, நேராகப் பறக்கும்போது மறுபடி சேர்ந்துகொண்டால் உள்தடை வேறுபாடு. விரிந்தது விரிந்தபடியே நின்றால் ஏதோ ஒரு செல்லின் கொள்ளளவு குறைவு, அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். இந்த வேலை முடிய எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும்.